சவுக்கு மரத்தடியில் மூன்று பிள்ளைகள்

2019-ஆம் வருடம். நாகரசம்பட்டியில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டு கிரகப்பிரவேசம். கிருஷ்ணகிரியில் இறங்கி, காவேரிப்பட்டணம் போய், அங்கிருந்து மாந்தோப்புகளுக்கு நடுவே பஸ்ஸில் ஆடிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். வாசலில் பந்தல் போட ஆட்கள் குழி தோண்டிக் கொண்டிருந்தார்கள். உள்ளே தங்கை மகள், பிளஸ் டூ, ஒரு மூலையில் உட்கார்ந்து ஆங்கிலப் பாட்டு ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். விசேஷ வீட்டு இரைச்சல் எதுவும் அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அடுத்த வாரம் பரீட்சையாம்.

"என்ன பாட்டும்மா?"

"அவர் கேஷுவரினா ட்ரீ, மாமா. கேஷுவரினான்னா சவுக்கு மரம்னு நோட்ஸ்ல போட்டிருக்கு. ஆனா இதுல மலைப்பாம்பு மாதிரி கொடி சுத்திக்கிட்டு இருக்குங்கறாங்க. உச்சியில குரங்கு உக்காந்திருக்குங்கறாங்க. சவுக்குன்னா அதானே மாமா?"

அவள் கை காட்டிய இடத்தில், பந்தலுக்காக இறக்கிப் போட்டிருந்த சவுக்குக் கழிகள். முழங்கை கனம்கூட இல்லை!

அவள் சந்தேகம் நியாயமானது. நம்மூரில் சவுக்கு மரத்தை மரமாக வாழ விடுவதில்லை. நட்டு நாலைந்து வருஷத்தில் வெட்டி விடுகிறோம். சாரம் கட்ட, பந்தல் போட, அடுப்பெரிக்க, காகிதம் செய்ய. ஓசூர்ப் பக்கம் எழும்பிய கட்டடங்கள் எத்தனைக்கு சவுக்குக் கொம்பு சாரமாக நின்றிருக்கும்! கடற்கரை ஊர்க்காரர்களாவது தோப்பாகப் பார்த்திருப்பார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சவுக்கு என்றால் பட்டை உரித்த கழிதான். நூறு வருஷம் நிற்க விட்டால் அது எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் பாட்டை எழுதிய பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அவளையும் நாலைந்து வருஷத்தில் வெட்டி விட்டார்கள் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம், மலிவான உவமை. கதையை ஒழுங்காகச் சொல்கிறேன்.

தோரு தத். கல்கத்தாவில் ராம்பாகான் என்ற பகுதியில் 1856 மார்ச் 4-ஆம் தேதி பிறந்தவர். தத் குடும்பம் என்றால் அந்தக் காலக் கல்கத்தாவில் தெரியாதவர் கிடையாது. பணம், படிப்பு, பதவி, வீடு நிறையப் புத்தகங்கள். பி.காம். படித்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தில் இன்னொருவரைத் தெரிந்திருக்கும். ஆர்.சி.தத். 'இந்தியப் பொருளாதார வரலாறு' எழுதி, வெள்ளைக்காரன் நம் செல்வத்தை எப்படி உறிஞ்சினான் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர். 1899-இல் காங்கிரஸ் மகாசபைத் தலைவர். பொருளாதாரப் பேப்பரில் அவர் பெயரை எழுதி மார்க் வாங்கிய காலத்தில், அவருக்கு உறவுமுறையில் இப்படியொரு தங்கை இருந்தாள் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. கணக்குக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார்கள்.

தோருவின் அப்பா கோவின் சந்தர் தத். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். அவரே ஆங்கிலத்தில் கவிதை எழுதுவார். அவரும் சகோதரர்களுமாகச் சேர்ந்து எழுதிய கவிதைத் தொகுப்பு 'தத் ஃபேமிலி ஆல்பம்' என்ற பெயரில் 1870-இல் லண்டனில் வெளியானது. குடும்பத்தோடு உட்கார்ந்து அப்பளம் இடுவது போல இவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து கவிதை எழுதியிருக்கிறார்கள்!

அம்மா க்ஷேத்ரமணி வேறு மாதிரி. வங்காளத்துப் பழங்கதைகள், ராமாயண, பாரதப் பாட்டுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாடுவார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் அப்ஜு, அடுத்தவள் ஆரு, கடைக்குட்டி தோரு.

1862-இல் குடும்பம் முழுவதும் கிறிஸ்தவத்துக்கு மாறியது. தோருவுக்கு ஆறு வயது. அம்மாவுக்கு ஆரம்பத்தில் இதில் சம்மதமே இல்லை. பின்னால் அவரும் உறுதியான விசுவாசியாகி, ஒரு கிறிஸ்தவ நூலை வங்காளியில் மொழிபெயர்க்கும் அளவுக்குப் போனார். ஆனாலும், ஏசுவை ஏற்றுக்கொண்ட அந்த வீட்டில் சீதைக்காக அழுவதும் நிற்கவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

அதற்குள் முதல் அடி விழுந்தது. 1865-இல் அப்ஜு இறந்து போனான். பதினாலு வயது.

மிச்சம் இருந்தது இரண்டு பெண்கள். பெண்களைப் பள்ளிக்கு அனுப்புவதே அதிசயமாக இருந்த காலத்தில், கோவின் சந்தர் அவர்களைக் கப்பலில் ஏற்றினார். 1869-இல் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் பயணம். சூயஸ் கால்வாய் திறந்த அதே வருஷம். முதலில் தெற்கு பிரான்ஸில் நீஸ் நகரம். அங்கே ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் ஆருவும் தோருவும் சில மாதங்கள் படித்தார்கள். தோரு வாழ்நாளில் பள்ளிக்கூடம் என்று போனது அவ்வளவுதான்! அந்தச் சில மாதத்தில் பிரெஞ்சு அவளைப் பிடித்துக்கொண்டது, விடவேயில்லை.

நம் பக்கத்தில் இது புரியும். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் நின்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாயிலிருந்து வருவதைக் கேட்கலாம். வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, கம்பெனியில் ஒன்று. யாரும் அதைப் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. தோருவுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. அம்மாவோடு வங்காளி, அப்பாவோடு ஆங்கிலம், மனசுக்குள் பிரெஞ்சு.

நீஸிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து லண்டன். 1870-71-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம். பிரான்ஸ் மண்ணைக் கவ்வுகிறது. லண்டனில் இருந்த இந்த வங்காளிச் சிறுமிக்கு, சொந்த ஊர் எரிகிற மாதிரி துக்கம். 'பிரான்ஸ் - 1870' என்று கவிதையே எழுதியிருக்கிறாள். ஆங்கிலேயர் ஆளும் நாட்டில் பிறந்த பெண், ஆங்கிலத்தில், பிரான்ஸுக்காக அழுகிறாள். எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது இவளை?

1871-இல் கேம்பிரிட்ஜ் போனார்கள். அங்கே அப்போதுதான் பெண்களுக்கென்று தனி விரிவுரைகள் ஆரம்பித்திருந்தார்கள். பட்டம் கிடையாது, உட்கார்ந்து கேட்கலாம். அக்காவும் தங்கையும் போய்க் கேட்டார்கள். இங்கே தோருவுக்கு ஒரு தோழி கிடைத்தாள். மேரி மார்ட்டின், பாதிரியார் ஒருவரின் மகள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் இல்லாவிட்டால் இன்று நமக்குத் தோருவைப் பற்றிப் பாதிகூடத் தெரிந்திருக்காது.

1873-இல் கல்கத்தா திரும்பினார்கள். ஆருவுக்கு அப்போதே இருமல். க்ஷயரோகம். 1874 ஜூலை 23-ஆம் தேதி அவளும் போய்விட்டாள். இருபது வயது.

மூன்று பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் பாக்கி. அவளுக்குப் பதினெட்டு வயது. அவளுக்கும் இருமல் வர ஆரம்பித்திருந்தது.

இந்த இடத்தில் நான் அந்த அப்பாவைப் பற்றி யோசிக்கிறேன். வேறு அப்பாவாக இருந்தால் என்ன செய்திருப்பார்? வைத்தியர், மந்திரம், மலைவாசஸ்தலம் என்று அலைந்திருப்பார், அல்லது அவசரமாகக் கல்யாணத்தை முடித்திருப்பார். கோவின் சந்தர் மகளோடு உட்கார்ந்து புத்தகம் படித்தார். ராம்பாகான் வீட்டிலும், நகரத்துக்கு வெளியே பாக்மாரியில் இருந்த தோட்ட வீட்டிலும் இரண்டு பேரும் படித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பண்டிதரை வைத்து அப்பாவும் மகளும் சேர்ந்து சமஸ்கிருதம் கற்றுக்கொண்டார்கள். ஒரே பாடப் புத்தகத்துக்கு முன்னால் அப்பாவும் மகளும்!

தோரு எழுத ஆரம்பித்தாள். 1874 டிசம்பரில் 'பெங்கால் மேகஸின்' என்ற பத்திரிகையில் முதல் கட்டுரை. பிரெஞ்சுக் கவிஞர் லெகோந்த் த லீல் பற்றி. இவர் பிறந்தது எங்கே தெரியுமா? இந்துமகா சமுத்திரத்தில் இருக்கும் ரீயூனியன் தீவில். நம் தமிழர்களைக் கூலிகளாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டத்தில் இறக்கினார்களே, அந்தத் தீவு. கல்கத்தாவில் உட்கார்ந்திருந்த பெண், பாரிஸின் கவிஞர்கள் எத்தனையோ பேர் இருக்க, முதலில் எழுத எடுத்தது நம் கடலில் பிறந்த ஒருவரை. தற்செயலாகக்கூட இருக்கலாம். எனக்கு என்னவோ அது பிடித்திருக்கிறது.

கட்டுரைகளோடு மொழிபெயர்ப்பும் பெருகியது. விக்டர் ஹியூகோ, தியோஃபில் கோத்தியே, சுலாரி என்று வரிசையாக. 1876 மார்ச்சில் கல்கத்தாவின் பவானிபூரில் உள்ள 'சாப்தாஹிக் சம்பாத்' அச்சகத்தில் புத்தகமாக வந்தது. பிரெஞ்சு வயல்களில் பொறுக்கிய கதிர்க்கட்டு என்ற அர்த்தத்தில் தலைப்பு. சுமார் 165 கவிதைகள். எட்டு மட்டும் ஆரு மொழிபெயர்த்தவை. செத்துப்போன அக்காவின் பங்கைத் தங்கை பத்திரமாக உள்ளே சேர்த்திருந்தாள். கடைசியில் அப்பாவுக்கென்று தோரு சொந்தமாக எழுதிய ஒரு கவிதை. முன்னுரை கிடையாது. பெரிய மனிதர்களின் அணிந்துரை கிடையாது. மட்டமான தாள், ஆரஞ்சு நிற அட்டை.

கதிர் பொறுக்குவது என்றால் நம் கிராமத்தில் தெரியும். அறுவடை முடிந்த பிறகு, நிலம் இல்லாதவர்கள் வயலில் சிந்திக் கிடப்பதைக் குனிந்து பொறுக்குவது. ஒரு பணக்கார வீட்டுப் பெண், தன் வேலைக்கு அந்தப் பெயரை வைத்தாள். மொழிபெயர்ப்பாளர் யாராக இருந்தாலும் அடுத்தவர் வயலில் குனிகிறவர்தானே?

அந்தக் காலத்தில் பெண்கள் பலர் இலக்கியத்துக்குள் நுழைந்தது இந்தக் கொல்லைப்புற வாசல் வழியாகத்தான். அயர்லாந்தில் ஜேன் வைல்ட் என்று ஒருவர், ஆஸ்கார் வைல்டின் தாயார். 'ஸ்பெரான்சா' என்ற புனைபெயரில் 1840-களில் 'நேஷன்' பத்திரிகையில் வெள்ளையரசுக்கு எதிராக நெருப்பைக் கக்கும் கவிதைகள் எழுதியவர். அவரும் 1849-இல் ஒரு ஜெர்மன் நாவலை மொழிபெயர்த்தார். சொந்தக் கருத்தென்றால் சண்டைக்கு வருவார்கள். மொழிபெயர்ப்பென்றால், பாவம், பொழுதுபோக்குக்குச் செய்கிறாள் என்று விட்டுவிடுவார்கள்.

இனி லண்டன் காட்சி. 1876 ஆகஸ்ட். 'எக்ஸாமினர்' என்ற வாரப் பத்திரிகையின் அலுவலகம். ஆகஸ்டில் லண்டனில் நல்ல புத்தகம் எதுவும் வராது. விமர்சகர் எட்மண்ட் காஸ் சும்மா உட்கார்ந்து, எழுதுவதற்கு உருப்படியாக ஒன்றுமே இல்லையே என்று புலம்பிக் கொண்டிருக்கிறார். அப்போது தபால்காரர் இந்திய முத்திரையோடு ஒரு மெல்லிய பார்சலைக் கொண்டு வருகிறார். உள்ளே ஆரஞ்சு அட்டைப் புத்தகம். பத்திரிகை ஆசிரியர் மிண்டோ அதை காஸ் கையில் திணிக்கிறார். குப்பைக்கூடைக்கென்றே அச்சடித்தது போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு காஸ் பிரிக்கிறார். ஹியூகோவின் காலைப் பாட்டு ஒன்று கண்ணில் படுகிறது. ஆள் அசந்து போகிறார்!

பத்திரிகை வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மதிப்புரைக்கு வரும் புத்தகங்கள் எங்கள் மேஜையில் எப்படிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அட்டை சுமாராக இருந்தால் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அன்று மட்டும் இங்கிலாந்தில் நல்ல புத்தகம் ஒன்று வந்திருந்தால்? மிண்டோ அந்தப் பார்சலை அப்படியே ஓரமாகத் தள்ளியிருந்தால்? நினைத்தால் கொஞ்சம் உதறல் எடுக்கிறது.

இதில் ஒரு விஷயம். காஸை அசத்திய அந்த முதல் கவிதை தோரு மொழிபெயர்த்தது இல்லை. ஆரு மொழிபெயர்த்தது. இறந்து இரண்டு வருஷம் ஆனவளின் வரிகள்தான் லண்டன் கதவைத் தங்கைக்குத் திறந்துவிட்டன.

அடுத்த வருஷம் பாரிஸின் பெரிய பத்திரிகை ஒன்றில் ஆந்த்ரே துரியே என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் மதிப்புரை வந்தது. அவ்வளவுதான் அவள் உயிரோடிருந்தபோது கண்ட புகழ்.

ராம்பாகான் வீட்டில் அவளுடைய நாட்கள் எப்படிப் போயின? இங்கேதான் மேரி மார்ட்டின் வருகிறாள். தோரு அவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாள். அதில் எல்லாமே இருக்கும். வீட்டுப் பூனைகள், ஜூனெத், ஜாந்தில் என்று பிரெஞ்சுப் பெயர் வைத்த இரண்டு குதிரைகள், புதிதாக வந்த புத்தகப் பார்சல், பாக்மாரி தோட்டத்து மாம்பழம், தன் இருமல், அதில் வந்த ரத்தம். கேம்பிரிட்ஜில் இஷ்டப்படி நடந்து போனதை நினைத்து ஏங்குகிறாள். கல்கத்தாவில் மதம் மாறிய குடும்பம் என்பதால் இந்துக்கள் வீட்டுக்கு அதிகம் போக முடியாது. வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கும் சமமாகப் போக முடியாது. உறவுக்காரப் பாட்டிகளுக்கு ஒரே கேள்வி, கல்யாணம் எப்போது?

இரண்டு விஷயங்களை அந்தக் கடிதங்களிலிருந்து சொல்ல வேண்டும். தோரு ஒருமுறை இந்தியர்களைக் குறிக்க 'நேட்டிவ்' என்ற வார்த்தையைப் போட்டுவிட்டாள். வெள்ளைக்காரப் பெண் மேரி அதைக் கண்டித்து எழுதினாள்! தோரு உடனே ஒப்புக்கொண்டாள். கண்டிப்பு சரிதான், இனி அந்த வார்த்தையை எழுத மாட்டேன், எழுதியதற்கு வெட்கப்படுகிறேன் என்று பதில் போட்டாள்.

இன்னொன்று, குதிரைக்காரனைத் தாக்கிச் சாகடித்த வெள்ளையனுக்குச் சிறு அபராதத்தோடு சரி என்று தீர்ப்பான செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டுக் கொதிக்கிறாள். இங்கிலீஷ் நீதிபதியின் கண்ணில் இந்தியன் உயிர் எவ்வளவு மலிவு என்று கேம்பிரிட்ஜ் தோழிக்கே எழுதுகிறாள். இதே காலத்தில் ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேயர் தன் குதிரைக்காரனை அடித்ததில் அந்த ஆள் இறந்தே போனார். அபராதம் முப்பது ரூபாய். வைஸ்ராய் லிட்டனே தலையிடும் அளவுக்கு அது பெரிய விவகாரமாயிற்று.

மேற்கத்திய மோகத்தில் மூழ்கிப்போன பெண் என்று தோருவை ஒரு வரியில் ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்கள் இந்தக் கடிதங்களைப் படித்திருக்க மாட்டார்கள்.

வங்காளத்திலேயே இன்னொரு தத், மைக்கேல் மதுசூதன் தத். இந்தக் குடும்பத்துக்கு உறவில்லை. அவர் எட்டு வருஷம் நம் மெட்ராஸில் இருந்தவர். அநாதை விடுதிப் பள்ளியில் வாத்தியார், பத்திரிகைகளில் எழுத்து. 1849-இல் ஆங்கிலக் கவிதைப் புத்தகம் போட்டார். பெத்யூன் என்ற ஆங்கிலேய அதிகாரி, இதை உன் தாய்மொழியில் செய் என்று புத்தி சொன்னார். 1856 தொடக்கத்தில் மெட்ராஸை விட்டுக் கல்கத்தா போன மதுசூதன், வங்காளியில் எழுதி மகாகவி ஆனார். அவர் ஊர் திரும்பிய அதே வருஷம்தான் தோரு பிறந்தது. மதுசூதனுக்குத் திரும்பி வர அவகாசம் இருந்தது. தோருவும் திரும்பத்தான் ஆரம்பித்தாள். வங்காளிக்கு அல்ல, அம்மா பாடிய கதைகளுக்கு.

சமஸ்கிருதம் படித்த கையோடு விஷ்ணு புராணத்திலிருந்து துருவன் கதையை ஆங்கிலப் பாட்டாக்கினாள். பிறகு சாவித்திரி, பிரகலாதன், சிந்து, லட்சுமணன். சாவித்திரி தன்னிஷ்டப்படி ஊர் சுற்றி வருவதை எழுதும்போது, அந்தக் காலத்துப் பெண்களை இப்படி அந்தப்புரத்தில் பூட்டி வைக்கவில்லை என்று ஓர் இடி இடிக்கிறாள். ஏகலைவன் கதையும் எழுதினாள். அவள் வைத்த பெயர் புட்டூ. கீழ்ச்சாதிப் பையன் என்று துரோணரின் சீடர்கள் சிரித்து விரட்டுகிற இடத்தில் இவள் காட்டும் கோபம் சாதாரணமானதில்லை. இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளாத வீட்டில் வளர்ந்தவள் அல்லவா?

எனக்குப் பிடித்தது வளையல்காரன் கதை. 'ஜோகாத்ய உமா'. சங்கு வளையல் விற்பவன் அதிகாலையில் கிராமத்து வழியே கூவிக்கொண்டு வருகிறான். குளக்கரையில் அழகான பெண் ஒருத்தி. வளையல் போட்டுக்கொள்கிறாள். காசு என் அப்பாவிடம் வாங்கிக்கொள், கோயில் பூசாரி அவர், சன்னதிப் பக்கம் இருக்கும் பெட்டியில் சரியான காசு இருக்கும் என்கிறாள். பூசாரிக்கு மகளே கிடையாது! பெட்டியைத் திறந்தால் சொன்ன காசு அப்படியே இருக்கிறது. இருவரும் குளத்துக்கு ஓடுகிறார்கள். யாரும் இல்லை. பூசாரி கதறி வேண்டுகிறார். தாமரைகளுக்கு நடுவிலிருந்து வளையல் போட்ட ஒரு கை மட்டும் மேலே எழும்பி, மறைகிறது. இந்த மாதிரிக் கதை நம் ஊர் அம்மன்களுக்கும் உண்டு. ஆயா மடியில் படுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும். கிறிஸ்தவப் பெண் அதை எழுதினாள். சின்னக் கேலிகூட இல்லாமல்.

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் எதுகைக்காக இழுத்திருக்கிறாள். பழைய ஆங்கிலச் சொற்கள் பல்லில் மாட்டுகின்றன. இருபது வயதுப் பெண்ணின் எழுத்து. திருத்த ஆள் இல்லை, நேரமும் இல்லை.

'சீதை' என்ற சின்னக் கவிதை ஒன்று இருக்கிறது. இருட்டிய அறையில் மூன்று பிள்ளைகள். அம்மா சீதையின் வனவாசத்தைப் பாடுகிறாள். பிள்ளைகள் அழுகிறார்கள். பாட்டு முடிகிறது, தூங்கிப் போகிறார்கள். கடைசியில் தோரு ஒரு கேள்வி கேட்கிறாள்: அந்த மூன்று பேரும் மறுபடி அம்மா பக்கத்தில் கூடுவது எப்போது? கேட்கும்போது மூன்றில் இரண்டு இல்லை.

அந்தச் சவுக்கு மரமும் அதேதான். பாக்மாரி தோட்டத்தில் நின்ற பிரம்மாண்டமான மரம். ஐந்து பத்தி, ஒவ்வொன்றும் பதினொரு வரி. கொடி சுற்றிய தண்டு, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ, விடியற்காலையில் உச்சியில் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும் குரங்கு, அல்லிக் குளம் எல்லாம் வருகிறது. ஆனால் மரம் எனக்குப் பிரியமானது அதன் அழகுக்காக இல்லை, அதன் அடியில் என்னோடு விளையாடியவர்களுக்காக என்கிறாள். கடல்கடந்த ஊர்களில் அலைச் சத்தம் கேட்கும்போதுகூட இந்த மரம் அழுகிற சத்தம் கேட்டதாம். சவுக்குத் தோப்பில் காற்று அடிக்கும்போது நின்றிருக்கிறீர்களா? நிஜமாகவே கடல் சத்தம் மாதிரி இருக்கும். இலை கிடையாது, ஊசி ஊசியாக இருப்பது காற்றைக் கிழித்து அப்படி ஒலி கொடுக்கும்.

1877 ஜனவரியில் தோரு பிரான்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினாள். பண்டைய இந்தியப் பெண்களைப் பற்றிப் பிரெஞ்சில் புத்தகம் எழுதிய கிளாரிஸ் பாதேர் என்ற பெண்மணிக்கு. உங்கள் புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க அனுமதி தருவீர்களா? சந்தோஷமாகத் தந்தார் பாதேர். இருவரும் சந்தித்ததே இல்லை, கடிதங்கள் மட்டும். மொழிபெயர்ப்பு நடக்கவில்லை. 1877 ஆகஸ்ட் 30-ஆம் தேதி தோரு இறந்தாள். இருபத்தொரு வயது, ஆறு மாதம்.

க்ஷயரோகக் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்து அறிவித்தது 1882-இல். ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில். அதற்கும் பிறகு, 1956-இல் நம் மெட்ராஸ் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கி, இந்த நோய்க்கு சானடோரியம் போக வேண்டியதில்லை, ஏழை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தார்கள். தோரு பிறந்து சரியாக நூறு வருஷம் கழித்து ஆரம்பித்த வேலை அது.

மூன்றாவது பிள்ளையையும் மானிக்தலா கல்லறையில் அடக்கம் செய்துவிட்டு வந்த கோவின் சந்தர், மகளின் காகிதங்களைப் புரட்டினார். அங்கேதான் ஆச்சரியம். பிரெஞ்சில் முழு நாவல் ஒன்று! 'மத்முவாசெல் தார்வேரின் நாட்குறிப்பு'. ஐரோப்பாவில் இருந்தபோதே போட்ட திட்டமாம். தங்கை எழுத வேண்டும், ஆரு படம் வரைய வேண்டும் என்று அக்கா தங்கைக்குள் ஒப்பந்தம். ஆரு ஒரு படம்கூட வரையாமலே போனாள். தங்கை தன் பங்கை முடித்து வைத்திருந்தாள். அதோடு ஆங்கிலத்தில் 'பியான்கா' என்ற இன்னொரு நாவல், பாதியில்.

அப்பா வேலையை ஆரம்பித்தார். 1878-இல் 'பியான்கா' பெங்கால் மேகஸினில் வந்தது. அதே வருஷம் கதிர்க்கட்டுக்கு இரண்டாம் பதிப்பு, இந்த முறை அக்காவும் தங்கையும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோவோடு. 1879-இல் பிரெஞ்சு நாவல் பாரிஸில், பாதேரின் முன்னுரையோடு. 1882-இல் புராணக் கதைகளும் சவுக்கு மரமும் சேர்ந்த தொகுப்பு லண்டனில், காஸின் முன்னுரையோடு. குப்பைக்கூடைக்குப் போக இருந்த புத்தகத்தின் கதையை காஸ் சொன்னது இந்த முன்னுரையில்தான். 1884-இல் கோவின் சந்தர் இறந்தார். முடிக்க வேண்டியதை முடித்துவிட்டிருந்தார்.

மேரி மார்ட்டின் கடிதங்களைத் தூக்கிப் போடவில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேல் வைத்திருந்து, தோருவைப் பற்றித் தேடிக்கொண்டு வந்த ஹரிஹர் தாஸ் என்ற வங்காளியிடம் கொடுத்தார். 1921-இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக அவை புத்தகமாயின.

இதையெல்லாம் அன்றைக்கு நாகரசம்பட்டியில், பந்தல் போடுகிற சத்தத்துக்கு நடுவே, தங்கை மகளிடம் சொன்னேன். எல்லாம் இல்லை, பாதி. காப்பி வந்தது, சொந்தக்காரர்கள் வந்தார்கள், பேச்சு மாறிவிட்டது. அவள் நோட்ஸில் "கவிஞர் தன் சகோதரனையும் சகோதரியையும் நினைத்து ஏங்குகிறார் - ஐந்து மதிப்பெண்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எதையோ எழுதிக்கொண்டாள்.

மறு வருஷம் பரீட்சை முடிந்ததும் போன் செய்தேன். "சவுக்கு மரம் வந்துச்சாம்மா?"

"நான் வேற பாட்டுல எழுதிட்டேன் மாமா" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மாமா, ஆரு, தோருன்னு ரெண்டு பேர் சொன்னீங்களே. அந்தப் பாட்டு எழுதினது சின்னவங்கதானே?"

சின்னவள்தான் என்றேன்.